மீனெண்ணெய் பூசிய கீல்

1

தோல் நனையும்போது வாசனை வராது. காயத் தொடங்கும்போதுதான் வரும்.

இன்று காலை மழை விட்டது. மேகத்தில் ஒரு கிழிசல், அதன் வழியே கொஞ்சம் வெயில். தேநீரோடு பின்கதவைத் திறந்து நின்றேன். தோட்டத்துக் கம்பத்தில் மாட்டியிருக்கும் குருவிப் பெட்டியிலிருந்து வந்தது அந்த வாசனை. பெட்டியின் மூடிக்கு இரும்புக் கீல் கிடையாது. இரண்டு விரல் அகலத்தில் ஓர் எருமைத் தோல் துண்டு. அதை மூடியிலும் பின்பலகையிலும் ஆணியடித்துச் சேர்த்திருக்கிறது. அந்தத் துண்டுதான் வெயில் பட்டதும் மூச்சு விட்டது.

கோப்பை ஆறிப்போகும்வரை நின்றேன். நான் நின்றது இங்கிலாந்தின் நடுப்பகுதியில், ஒரு நேர்த்தியான சின்ன ஊரில். இதுவும் ஒரு காலத்தில் செருப்பு தைத்த ஊர்தான். அந்தச் செங்கல் தொழிற்சாலைகளெல்லாம் இன்று அடுக்குமாடி வீடுகள். சன்னல்களில் பூந்தொட்டிகள். வாசனை போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. என் ஊரில் அது போகவில்லை. பெங்களூர் பஸ் ஆம்பூரைத் தாண்டும்போது யார் மூக்கைப் பொத்துகிறார்கள் என்று பாருங்கள். அவர்கள் வெளியூர்க்காரர்கள். உள்ளூர்க்காரர்கள் வேர்க்கடலை தின்றுகொண்டிருப்பார்கள்.

உடனே அண்ணனுக்குப் போன் போட்டேன். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்து ஓய்ந்தது.

“இன்னா செல்வி, தொப்பிக்காரன் வந்துட்டானா?”

வந்துவிட்டான் என்றேன். பெட்டிக்குள் பாசி போய்க்கொண்டிருக்கிறது என்றேன். கீல் எப்படி இருக்கிறது என்று கேட்டார். நன்றாக இருக்கிறது, அதற்கு எண்ணெய் போடமாட்டேன் என்றேன். அண்ணன் சிரித்தார். சிரிப்பின் முடிவில் வருகிற அந்த இழுப்பு, போன வருடம் இருந்த அளவுக்கு இல்லை. நான் நர்ஸ். போனில்கூட முதலில் மூச்சைத்தான் கேட்பேன்.

2

அண்ணன் பெயர் ஏழுமலை. ஆம்பூர் பைபாஸை ஒட்டிய ஒரு தோல் கம்பெனியில் ஸ்ப்ரே ஆபரேட்டர். பதப்பட்டு, உலர்ந்து, தட்டையாகி வருகிற தோலுக்குக் கடைசியில் நிறமும் பளபளப்பும் ஏற்றுகிற இடம் அது. கையில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி, பின்னால் கம்ப்ரஸரின் ஓயாத இரைச்சல், முகத்துக்கு முன்னால் எந்நேரமும் ஒரு சாயப் பனி. முகமூடி கொடுப்பார்கள். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேலை செய்வார்கள். போட்டால் மூச்சு முட்டுகிறதாம்.

அண்ணி இறந்து சில வருடங்கள் ஆகின்றன. மகன் ஓசூரில் வேலை பார்க்கிறான். அண்ணனைப் பற்றி எனக்குச் செய்தி சொல்வது அன்வர் பாய்தான். அதே கம்பெனியில் சூப்பர்வைசர், அண்ணனுக்குச் சின்ன வயதிலிருந்து தோஸ்த். போன வருடம் பொங்கல் முடிந்த கையோடு அவர் அழைத்தார்.

“உங்கண்ணன் கன் புடிச்சிக்கினே மயங்கி உக்காந்துட்டான்மா. இது மொத தபா இல்ல. டாக்டர் ஸ்ப்ரே பக்கமே போவாதன்னுட்டாரு. நான் சொன்னா, போடா உன் வேலய பாருன்றான். நீ கூட்டிக்கினு போயி கொஞ்ச நாள் வெச்சுக்க. உன் பேச்சுன்னா கேப்பான்.”

கேட்டைக் காவல் காக்கிற ஆள் வேலையை விட்டு நின்றுவிட்டதாகவும், அந்த இடத்தை அண்ணனுக்காகப் பிடித்து வைத்திருப்பதாகவும், அதைச் சொன்னால் அண்ணன் அடிக்க வருவதாகவும் சேர்த்துச் சொன்னார்.

ஆகவே என் திட்டம் எளிமையானது. அழைத்து வருவது. நல்ல காற்றில் உட்காரவைப்பது. திரும்பிப் போவதற்குள் ஸ்ப்ரேயை விடச் சம்மதிக்க வைப்பது.

ஆனால் விசா என்று ஒன்று இருக்கிறது. வருகிறவர் நல்லவரா என்று அது கேட்பதில்லை. வருகிறவர் திரும்பிப் போவாரா என்றுதான் கேட்கிறது. மனைவி இல்லை, சொந்த நிலம் இல்லை, மகன் வேறு ஊர். இவர் திரும்பிப் போவார் என்பதற்கு என்ன அத்தாட்சி? வேலை ஒன்றுதான். கம்பெனியிலிருந்து கடிதம் வேண்டும் என்றேன். ஆபீஸில் இருந்த பையன், அக்கா நீங்களே இங்கிலீஷில் எழுதி அனுப்புங்க, லெட்டர்பேடில் அடிச்சுத் தர்றோம் என்றான். எழுதினேன். ஏழுமலை எங்கள் ஸ்ப்ரே பிரிவின் இன்றியமையாத ஊழியர். மே மாதக் கடைசி வரை விடுப்பு தரப்பட்டிருக்கிறது. விடுப்பு முடிந்ததும் அதே பணிக்குத் திரும்புவார்.

எந்த வேலையிலிருந்து அவரை இறக்க நினைத்தேனோ, அந்த வேலைக்கு அவர் கட்டாயம் திரும்புவார் என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்து அழைத்து வந்தேன். விசா உடனே கிடைத்தது.

3

வந்தவருக்குச் செய்ய எதுவும் இல்லை. அதுதான் பிரச்சினை.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவேன். என் கணவர் சேகர் கிடங்கு வேலைக்கு. மகள் மதி பள்ளிக்கு. அண்ணன் சோபாவின் நுனியில், டவுன் பஸ்ஸில் இறங்க வேண்டிய நிறுத்தம் வரப்போகிறவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். வானத்தைப் பார்ப்பார். ஷேடு மேட்ச் ஆவல செல்வி, காலைல ஒரு கலரு சாயந்தரம் ஒரு கலரு, பையர் பாத்தா மொத்த லாட்டயும் ரிட்டன் பண்ணிடுவான் என்பார். குளிருக்கு மாட்டிய குரங்குக் குல்லாவைத் தூங்கும்போதும் கழற்றவில்லை.

மதிக்குப் பதினைந்து வயது. மாமா என்று அழகாகக் கூப்பிடுவாள். அதற்குமேல் தமிழ் நொண்டும். அண்ணன் வந்த முதல் வாரத்தில் நடைவழி மின்செருகியில் வாசனைத் திரவம் ஒன்றைச் சொருகி வைத்தாள். லாவெண்டர். ஏன் என்று கேட்டேன். சும்மா என்றாள். அண்ணன் சட்டைகளை மாட்டியிருந்த அறையைக் கடக்கும்போது அவள் நடை கொஞ்சம் வேகமானதைக் கவனித்தேன். கோபம் வந்தது. சொல்லத் தெரியாத கோபம். துவைத்த சட்டை, இஸ்திரி போட்ட சட்டை, எனக்கு ஒன்றும் வரவில்லையே. பஸ்ஸில் மூக்கைப் பொத்துகிற வெளியூர்க்காரி என் வீட்டிலேயே வளர்ந்துவிட்டாள் என்று நினைத்தேன். அவள் வெளியூர்க்காரிதானே. இங்கே பிறந்தவள்.

குருவிப் பெட்டி மதிக்காக எப்போதோ வாங்கியது. துண்டு துண்டாக அட்டைப் பெட்டியில் வரும், நாம் சேர்க்க வேண்டும். அவள் சேர்க்கவில்லை, கைப்பேசி வந்துவிட்டது. அதைக் கொட்டகையிலிருந்து அண்ணன் எடுத்தார். பலகைகளைச் சேர்த்தார். கூட வந்திருந்த தகரக் கீல் இரண்டாம் முறை திறக்கையில் ஒடிந்தது. இந்த ஊரில் கீல் வாங்கக் காரில் போக வேண்டும், அதற்கு ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும். அண்ணன் காத்திருக்கவில்லை. இடுப்பிலிருந்த பெல்ட்டைக் கழற்றினார்.

அவரே வெட்டிச் செய்த எருமைத் தோல் பெல்ட். கொக்கிக்குப் பிறகு ஒரு சாணுக்குமேல் வால் மாதிரி தொங்கியது. அதில் ஆணியால் குத்திய புது ஓட்டைகள், ஒன்றுக்குப் பின் ஒன்றாக உள்நோக்கிப் போயிருந்தன. இடுப்பு எப்படிச் சுருங்கிக்கொண்டே வந்தது என்பது அந்தத் தோலில் வரிசையாகத் தெரிந்தது. நான் பார்ப்பதை அவர் பார்த்தார்.

“மிச்சம்தான? இன்னாத்துக்கு அது?” என்று வாலை வெட்டி எடுத்தார்.

அதுதான் இன்றும் அந்தக் கீல்.

4

தொப்பிக்காரன் என்று அண்ணன் பெயர் வைத்த பறவையை இங்கே ப்ளூ டிட் என்கிறார்கள். சிட்டுக்குருவியைவிடச் சின்னது. மஞ்சள் வயிறு, வெள்ளைக் கன்னம், உச்சியில் நீலத் தொப்பி. முதல் நாள் அது பெட்டியின் துளையில் தலையை விட்டது, எடுத்தது, கூரைமேல் ஏறியது, பக்கவாட்டுப் பலகையைக் கொத்தியது, மறுபடி தலையை விட்டது.

“நம்ம கம்பெனிக்கு ஆடிட்டு வர்றவன் கணக்கா இருக்குது,” என்றார் அண்ணன். “எட்டிப் பாப்பான். தட்டிப் பாப்பான். கக்கூஸக் கூட தொறந்து பாப்பான். அப்புறம்தான் ஆர்டரு.”

ஆர்டர் கிடைத்தது. பாசி போனது, காய்ந்த புல் போனது, கடைசியில் முடி. பக்கத்து வீட்டு மார்கரெட் அம்மாள் தன் பூனையைச் சீவி வேலியில் விட்ட ஆரஞ்சு முடி. ஊரில் பதப்படாத பச்சைத் தோல் வந்து இறங்குகிற ஷெட்டில், சுண்ணாம்பில் ஊறி உதிர்ந்த ஆட்டு முடியைக் காயப்போட்டிருப்பார்கள். உத்திரத்தில் கூடு கட்டுகிற சிட்டுக்குருவிகள் அதைத்தான் அள்ளிக்கொண்டு போகும். அந்தக் குருவிக் குஞ்சுகள் எல்லாம் ஆட்டு முடி மெத்தையில் பிறந்தவை. இது பூனை முடி மெத்தையில் முட்டையிடப் போகிறது, தைரியம்தான் என்று நாங்கள் சிரித்தோம். பிறகு சிரிக்க முடியாமல் போனது.

அண்ணனுக்குக் காலை என்று ஒன்று திரும்ப வந்தது. எழுந்து குல்லாவோடு சமையலறைச் சன்னலில் நிற்பார். நான் வேலையிலிருந்து வந்ததும் நாள் முழுக்க நடந்ததைச் சொல்வார். ஆண் பறவை கொண்டுவந்து ஊட்டுகிறது, பெண் இறகை நடுக்கி வாங்கிக்கொள்கிறது, மூன்று மணிக்கு மேல் காக்கா ஒன்று சுற்றியது. மார்கரெட்டோடும் பேச ஆரம்பித்திருந்தார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் எல்லாம் கம்பெனி ஆங்கிலம். அந்த அம்மாள் வானிலை பற்றிச் சொன்னால் “க்வாலிட்டி ஓகே மேடம்” என்பார். அவர்களும் ஓகே என்பார்கள். என் பக்கத்து வீட்டில் இத்தனை வருடம் இருந்தும் நான் அந்த அம்மாளிடம் அவ்வளவு பேசியதில்லை.

மே நடுவில் பெட்டிக்குள்ளிருந்து ஓசை வந்தது. புதுச் செருப்பு நடக்கும்போது எழுகிற மெல்லிய கீச்சு. ஒன்று இல்லை, பல செருப்புகள். தாயும் தகப்பனும் பச்சைப் புழுக்களைக் கவ்விக்கொண்டு வந்தபடி இருந்தன.

அண்ணனிடம் இன்னும் நான் பேச்சை எடுக்கவில்லை. நாளை, நாளை என்று தள்ளிக்கொண்டிருந்தேன். அவர் இப்படி மலர்ந்து நிற்கும்போது கம்பெனியை எப்படி உள்ளே கூட்டிவருவது?

5

ஒரு வாரம் மழையில்லை. கிழக்கிலிருந்து உலர்ந்த காற்று. கீல் விறைத்துவிட்டது. ஓரம் சுருண்டு, மூடி ஒரு நூலளவு தூக்கிக்கொண்டு நின்றது. அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை. மழை வந்தால் உள்ளே ஒழுகும், குஞ்சு நனையும்.

தோல்காரர்களுக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. விறைத்த தோலுக்கு மீனெண்ணெய் காட்ட வேண்டும். கம்பெனியில் பெரிய மர ட்ரம்மில் தோலையும் எண்ணெயையும் போட்டுச் சுற்றவிடுவதே அதற்குத்தான். எண்ணெய் குடித்தால்தான் தோல் மெத்தென்று ஆகும். நான் அண்ணனின் மூட்டு வலிக்காக மீனெண்ணெய் மாத்திரை வாங்கி வைத்திருந்தேன். அவர் ஒன்றைக்கூட விழுங்கியதில்லை. அன்று ஊசியை எடுத்து, மாத்திரை மாத்திரையாகக் குத்திப் பிழிந்து, குருவிகள் இல்லாத நேரமாகப் பார்த்துக் கீலில் தேய்த்து ஊறவிட்டார். சாயங்காலம் நான் தொட்டுப் பார்த்தேன். பட்டு மாதிரி வளைந்தது. நல்லா ஆய்டுச்சுணா என்றேன்.

மறுநாள் எனக்கு விடுமுறை. காலையில் ஒரு சத்தம். தையல் மெஷினில் நூல் அறுந்து, ஊசி மட்டும் சும்மா ஓடினால் வருமே, அப்படி. இரண்டு பறவைகளும் வேலியில் நின்று கத்திக்கொண்டிருந்தன. பெட்டியின் கூரைமேல் மார்கரெட்டின் பூனை, பிஸ்கட் என்று பெயர், படுத்திருந்தது. முன்னங்காலால் மூடியின் விளிம்பை நிதானமாக நெம்பிக்கொண்டிருந்தது. இடைவேளையில் கீலை நக்கியது.

அண்ணன் செருப்புகூடப் போடாமல் ஓடினார். பூனை இறங்கி வேலிக்குப் போனது. போய்த் திரும்பிப் பார்த்து உட்கார்ந்தது. அது அவசரப்படவில்லை. பறவைகள் பெட்டிப் பக்கம் வரவில்லை. உள்ளே கீச்சு கேட்டுக்கொண்டே இருந்தது. பசித்த கீச்சு.

இத்தனை நாளும் அந்தப் பக்கமே பார்க்காத பூனை இன்று ஏன் ஏறியது என்று எங்கள் இருவருக்கும் புரியவில்லை. குஞ்சுச் சத்தம் பெரிதாகிவிட்டது என்றார் அண்ணன். முடி அதனுடையது என்பதால் இருக்கும் என்று நான் ஏதோ சொன்னேன். கூச்சல் கேட்டு மதி வந்தாள். கம்பத்துக்கு நாலடி முன்னாலேயே நின்றுவிட்டாள். மூக்கு சுருங்கியது.

“அம்மா, மீன் நாத்தம்.”

எங்கே என்றேன்.

“எங்கேயா? பெட்டி ஃபுல்லா. உங்களுக்கு வரலயா?”

நான் போய்க் கீலருகே முகத்தை வைத்தேன். ஆஸ்பத்திரியில் ஒரு பேண்டேஜை அவிழ்த்தால், புண் எந்த நிலையில் இருக்கிறது என்று மணத்தை வைத்தே சொல்லுகிற மூக்கு என்னுடையது. முகர்ந்தேன். ஏதோ இருந்தது. ஆனால் அதை நாற்றம் என்று என் மூக்கு எழுதிக்கொள்ளவில்லை. சின்ன வயதில் ஷிஃப்ட் முடிந்து வருகிற அண்ணன் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, அவர் முதுகில் கன்னத்தை வைத்தபடி ட்யூஷன் போவேன். அந்த முதுகின் வாசனை இது. அண்ணன் வாசனை. அதை எப்படி மீன் என்று சொல்வது?

லாவெண்டர் ஏன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. கோபம் வரவில்லை.

6

ஆணியைப் பிடுங்கித் தோலை எடுக்க முடியாது, உள்ளே குஞ்சுகள். சோப்புத் தண்ணீர்த் துணியால் துடைத்தோம். எண்ணெய் ஆழமாக இறங்கியிருந்தது. அண்ணன் கைவேலை அரைகுறையாக இருக்காது. பூனைக்கு ஆரஞ்சுப் பழத்தோல் வாசனை ஆகாது என்று மதி கைப்பேசியில் பார்த்துச் சொன்னாள். வீட்டிலிருந்த ஆரஞ்சையெல்லாம் உரித்துக் கம்பத்தைச் சுற்றிக் கட்டினாள். அண்ணன் வேலிக்குப் போய் மார்கரெட்டிடம் கையெடுத்துக் கும்பிட்டார்.

“பிஸ்கட் நைட் ஷிஃப்ட் ஓகே மேடம். டே ஷிஃப்ட் நோ. பேபி, பேபி,” என்று பெட்டியைக் காட்டினார்.

அந்த அம்மாளுக்கு முழுதும் புரிந்தது. பகலில் பூனையை உள்ளே வைக்க ஒப்புக்கொண்டார்கள். ஆனால் பூனைக்கு ஒப்பந்தம் கிடையாது; எந்தச் சன்னல் வழியாகவோ வந்துவிடும். அதனால் அண்ணன் சமையலறை நாற்காலியைத் தூக்கிப் புல்வெளியில் போட்டார். பறவைகள் பயப்படாத தூரம், பூனை பயப்படுகிற தூரம். கையில் துடைப்பக்கட்டை. குல்லா, என் கணவரின் பழைய கோட்டு, மேலே என் சால்வை. கொஞ்ச நேரம் தயங்கிவிட்டுத் தாய்ப்பறவை உள்ளே போனது. கீச்சு அடங்கியது. அண்ணன் அசையவில்லை.

இப்படியே நாட்கள் போயின. வெளிச்சம் வருகிறபோது உட்காருவார், மங்குகிறபோது எழுவார். இந்த ஊரில் மே மாதத்துக் காற்று நெஞ்சில் ஊசி. அவர் இழுப்பு எனக்குச் சமையலறை வரை கேட்டது. உள்ளே வா என்றால் கையசைத்து மறுப்பார். குஞ்சுகளைக் காப்பாற்றும் காவல் அவர் நெஞ்சைத் தின்றுகொண்டிருந்தது. எதற்காக அழைத்து வந்தேனோ அது என் கண்ணெதிரே தலைகீழாக நடந்துகொண்டிருந்தது.

மதி பள்ளிவிட்டு வந்ததும் இன்னொரு நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தாள். நான் கேட்கவில்லை. வெந்நீர்ப் பை ஒன்றைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தாள். பாத்திரம் கழுவுகையில் சன்னல் வழியே அவர்கள் பேச்சு வந்தது.

“மாமா, அந்த எண்ணெய் உங்களுக்கு ஸ்மெல்லே வரலயா?”

“எனுக்கு எதுவுமே வராது பாப்பா.”

“எதுவுமே?”

“கொழம்பு, மல்லி, மழ, எதுவும். ஸ்ப்ரேக்குப் போன கொஞ்ச வருசத்துலயே போய்ட்டுது. நல்லதுதான. ஊரே நாறுதுன்றாங்க, எனுக்கு ஒரு பேஜாரும் இல்ல.”

மதி சிரிக்கவில்லை. நான் குழாயை மூடினேன்.

நான் நர்ஸ். என் அண்ணனுக்கு மோப்பம் இல்லை என்பதை என் மகள் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வந்த நாளிலிருந்து ஒவ்வொரு வேளையும் மணக்க மணக்கச் சமைத்துப் போட்டிருக்கிறேன். நல்லா இருக்குதுமா, நல்லா இருக்குதுமா என்று சாப்பிட்டிருக்கிறார்.

தேநீர் எடுத்துக்கொண்டு வெளியே போனேன். புல்லில் உட்கார்ந்தேன்.

“ஏண்ணா சொல்லல?”

“சொன்னா இன்னா பண்ணுவ? புது மூக்கு வெப்பியா?”

“இனிமே ஸ்ப்ரேக்குப் போவாத.”

அவர் பெட்டியைப் பார்த்தபடியே இருந்தார். “லெட்டர் குடுத்துட்டு வந்திருக்கேன். நீதான எழுதின.”

“அது விசாவுக்கு எழுதினதுணா.”

“இன்னாத்துக்கு எழுதினா இன்னா? திரும்பி வர்றேன்னு சொன்னா வரணும்.”

“சரி, திரும்பிப் போ. கம்பெனிக்குப் போ. கேட்டுல இடம் இருக்குதுன்னு அன்வர் பாய் சொன்னாரே.”

அப்போதுதான் திரும்பினார். “இந்தக் கையி கன் புடிச்ச கை செல்வி. நான் போட்ட ஷேடு ஒண்ணு ரிட்டன் வந்ததில்ல. நான் போயி சேரு போட்டுக் குந்திக்கினு, வர்ற லாரிய எண்ணிக்கினு இருக்கணுமா? அது ஒரு வேலையா? அதுக்கு ஒரு நாயக் கட்டி வெச்சா போதும்.”

வேலியோரம் இலை அசைந்தது. அண்ணன் துடைப்பக்கட்டையைத் தரையில் இருமுறை தட்டினார். ஆரஞ்சு வால் ஒன்று பின்வாங்கியது. தாய்ப்பறவை புழுவோடு இறங்கி, துளைக்குள் நுழைந்தது.

மதி அவரைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள்.

“மாமா, இப்ப நீங்க பண்றது என்ன?”

கேலிதான். அவள் வயதுக்கு அதற்குமேல் ஒன்றும் இருந்திருக்காது. அண்ணன் கையிலிருந்த துடைப்பக்கட்டையைக் குனிந்து பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்து, அது இருமலாகி, இருமல் நெடுநேரம் நிற்கவில்லை. நான் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். இருமல் நின்றதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உம் பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி,” என்றார்.

அன்று ராத்திரி மழை பிடித்தது. மறுநாளும் பெய்தது. எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிக்கொண்டு போனது. போய்விட்டதா என்று நாங்கள் இருவரும் மதியைத்தான் கேட்டோம். அவள் தினமும் கம்பத்தருகே போய் முகர்ந்துவிட்டு வந்து அறிக்கை சொல்வாள். இருக்கு. கம்மியா இருக்கு. கொஞ்சூண்டு இருக்கு.

7

குஞ்சுகள் பறந்ததை அண்ணன் பார்க்கவில்லை. அவர் ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான் அவை துளையில் தலை நீட்டி, உலகத்தை நம்பாமல் பின்வாங்கி, கடைசியில் ஒவ்வொன்றாக எதிர்ச் செடிக்கு விழுந்தடித்துப் போயின. ஒன்று மட்டும் பெட்டிக்குள்ளேயே இறந்திருந்தது. பூனையாலா, பசியாலா, பிறவியிலேயே மெலிந்ததா, தெரியாது. மதி அவருக்குத் தானே போன் செய்து சொன்னாள். தமிழில்தான் சொன்னாள். இறந்ததையும் மறைக்கவில்லை. அண்ணன், எங்க பொதச்ச என்று மட்டும் கேட்டாராம்.

நடைவழியில் லாவெண்டர் தீர்ந்துபோனது. அவள் புதிதாக ஒன்று வாங்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது ஊருக்குப் போன் போட்டால் பின்னணியில் கம்ப்ரஸர் இரைவதில்லை. லாரி ஹாரன்தான். சில சமயம், ஓய் பின்னால வா, பின்னால வா என்று அண்ணனின் குரல், அதிகாரத்தோடு.

ஆனால் வேலை மாறியதை அவர் எனக்கு ஒருபோதும் நேராகச் சொன்னதில்லை. அவர் ஊருக்குக் கிளம்பிய அன்று, விமான நிலையத்துக்குப் போகிற வழியில், காரில், சன்னலைப் பார்த்தபடி ஆரம்பித்தார். கம்பெனியில் ஒரு புங்க மரம் இருக்கிறதாம். நல்ல நிழலாம். குருவிங்க முன்ன மாதிரி இல்லை, புது ஷெட்டில் எல்லாம் தகரம், உத்திரம் இல்லை, கூடு கட்ட இடமில்லாமல் அலைகிறதுங்க. ஒரு பெட்டி அடித்து மரத்தில் மாட்டலாம்.

“எங்கணா அந்த மரம்?”

“கேட்டாண்ட.”

நான் சாலையையே பார்த்தேன். சேகர் கியரை மாற்றினார். பின்னிருக்கையில் மதி கைப்பேசியைக் கீழே வைத்தாள்.

“மாட்டினா போதுமாணா? யாரு பாத்துக்குவா?”

“கேட்டாண்ட இருக்கறவன்தான் பாத்துக்கணும்.”

அதற்குமேல் நான் கேட்கவில்லை. கேட்டால் பின்வாங்கிவிடுவார், துளையில் தலை நீட்டியிருக்கிற நேரம் அது.

பாதுகாப்புச் சோதனைக்கு முன்னால், பயணிகள் மட்டும் போகலாம் என்கிற கோட்டில் நின்றோம். பெல்ட்டைக் கழற்றச் சொல்வார்களா என்று கேட்டார். சொல்வார்கள் என்றேன். இப்போதே கழற்றிச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டார். வால் இல்லாமல் அது கச்சிதமாக இருந்தது. மற்றொரு கையால் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டதால் என்னைத் தொடக் கை இல்லை. நான்தான் அவர் முதுகில் ஒரு கணம் கன்னத்தை வைத்தேன். அங்கே அந்த வாசனை இல்லை. எங்கள் வீட்டு சோப்பு வாசனைதான் இருந்தது.

கோட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனவர், வரிசையை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தார். முக்கியமாக எதையோ மறந்துவிட்டவர் மாதிரி, கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று மதியைக் கூப்பிட்டார்.

“பாப்பா, அந்தப் பூன கேட்டுச்சுன்னா சொல்லு. வாட்ச்மேன் லீவுல போயிருக்கான், திரும்பி வந்துடுவான்னு.”